பல்லக்காவின் வாக்குமூலம்

தம்பி விமான டிக்கெட்டை மேசைமேல் வைத்தான். பல்லக்கா அதை எடுத்துத் தேதியைப் பார்த்தாள், தன் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்றும் பார்த்தாள், பிறகு நாலாக மடித்து அவன் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகினாள். உள்ளே போய்ப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். பெட்டி முந்தின நாளே கட்டியாகிவிட்டது. மறு கையில் ஒரு குக்கர் இருந்தது. தம்பி மனைவிக்காக ஊரிலிருந்து அவள் மடியில் வைத்துத் தூக்கிவந்த குக்கர் அது. அந்தப் பெண் இரண்டு மாதமாக அதை அட்டைப் பெட்டியைவிட்டே எடுக்கவில்லை. கொடுத்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பிரிக்காத பொருள் கொடுத்ததாகவே கணக்கில்லை என்பது பல்லக்காவின் கட்சி.

எங்கே போகிறாய் என்று தம்பி கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். ஆறு மாடி இறங்கி, இரண்டு தெரு தாண்டி, லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அந்த நாட்டுக்காரர் ஒருவர் வீட்டுக்கு அவனுடைய அக்கா குடித்தனம் நடத்தப் போகிறாள். நாற்பத்தாறு வயதில். அதுவும் மூன்று மாதம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போக வந்த விசாவில்.

அவளுக்குப் பல்லக்கா என்ற பெயர் தொழிலால் வந்தது. ஊரில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, நாலு பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்துகொடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டர்கள் நோயாளி வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள். இவள் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிற அட்டையோடு ஒத்துப்பார்த்து உட்கார வைப்பாள். அந்த ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லில்தான் சிரித்தார்கள். மீதிப் பேருக்குச் சொந்தப் பல் இருந்தது, அல்லது சிரிக்க விஷயம் இல்லாமல் இருந்தது.

அவளுடைய இருபது வயதில் அப்பா போய், அடுத்த வருஷமே அம்மாவும் போனபோது தம்பிக்குப் பன்னிரண்டு, தங்கைக்கு ஒன்பது. அப்போது பிடித்த மெழுகுக் கத்தியை அவள் கீழே வைக்கவேயில்லை. இரண்டு பேரையும் படிக்க வைத்தாள். வரன்கள் வராமல் இல்லை. வந்தபோது, தம்பி படிப்பு முடியட்டும் என்றார்கள். அப்புறம் தங்கை கல்யாணம் முடியட்டும் என்றார்கள். எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது தரகரே வருவதை நிறுத்தியிருந்தார். இதையெல்லாம் யாரும் சதி செய்து செய்யவில்லை. எல்லோரும் நல்லவர்கள், அக்காமேல் உயிரையே வைத்திருந்தார்கள், அக்காவுக்கு என்ன வேண்டும் என்று கேட்க மட்டும் மறந்துபோனார்கள். எனக்கு அந்த மறதியைவிடச் சதியே தேவலை என்று தோன்றும், சதிகாரனோடு சண்டையாவது போடலாம்.

தம்பி அவளை வரவழைத்ததும் அன்பால்தான். மூன்று மாதம் வந்து கையைக் காலை நீட்டி ஓய்வெடு என்றான். வந்த ஐந்தாம் நாள் அவள் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. கையில் காய்கறிப் பை. அபாய மணியை அழுத்தினாள்; சுவரிலிருந்து ஒரு குரல் அவளுக்குத் தெரியாத மொழியில் ஏதோ கேட்டது. இவள் தமிழில், தான் நன்றாக இருப்பதாகவும் அவசரமில்லை என்றும் மெதுவாக வந்தால் போதும் என்றும் பதில் சொன்னாள். பிறகு தரையில் உட்கார்ந்து பையிலிருந்த பீன்ஸைக் கொட்டி நார் உரிக்க ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவை நெம்பித் திறந்து எட்டிப் பார்த்த ஆள், அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்ணை எதிர்பார்த்திருக்கிறார். அவர் பார்த்தது ஒன்றரைக் கிலோ பீன்ஸ், சுத்தமாக உரித்து அடுக்கியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்ததில்தான் வினை. மேல் வரிசையில் இடது பக்கம் மூன்று பல், கழற்றி மாட்டுகிற தட்டு. நிறம் இரண்டு படி வெளுப்பு. கம்பி வெளியே தெரிகிறது. பேசும்போது தட்டு தூக்கிக்கொள்கிறது. பல்லக்காவுக்குத் தன்னைக் காப்பாற்றிய மனிதருக்கு நன்றி சொல்லவேண்டும் என்பதுகூட மறந்துபோய், இந்த அநியாயத்தை எவன் பண்ணினான் என்று கோபம் வந்துவிட்டது. அவர் வாயைச் சுட்டிக்காட்டித் தலையைத் தலையை ஆட்டினாள். காய்கறி பில்லின் பின்பக்கத்தில், கம்பி எங்கே பிடிக்கவேண்டும், எங்கே தேய்க்கவேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்தாள்.

வேறொருவராக இருந்தால் காகிதத்தைக் கசக்கிப் போட்டிருப்பார். லிஃப்ட்காரர் அதை எடுத்துக்கொண்டு தன் பல் டாக்டரிடம் போனார். மூன்று வாரம் கழித்துத் தம்பி வீட்டுக் கதவைத் தட்டி, திறந்த தம்பி மனைவியைத் தாண்டிப் பல்லக்காவைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் வாயைத் திறந்து காட்டினார். தம்பி மனைவி ஆள் பைத்தியம் என்று நினைத்துக் கதவைச் சாத்தப் பார்த்தாள். பல்லக்கா கிட்டே போய், கண்ணாடியை மாட்டி, பார்த்து, பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பூங்கா, நடை, பெஞ்சு. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. போனில் இருக்கிற மொழிபெயர்ப்புச் செயலியிடம் ஒருவர் சொல்ல, அது மற்றவருக்குச் சொல்லும். பாதி நேரம் அது உளறியது. ஆனாலும் அவர் ஒன்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்துக்கொண்டிருந்தார். செயலி சுற்றிச் சுற்றி நின்றாலும், அவள் யோசித்து இரண்டு நிமிஷம் எடுத்தாலும் காத்துக்கொண்டிருந்தார். அவள் பதிலுக்காக ஒரு மனிதர் அத்தனை நேரம் பொறுமையாக உட்கார்ந்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதை அவள் தன்னிடம் மறைக்கவும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் தம்பி முதலில் கெஞ்சினான், அப்புறம் கத்தினான். லிஃப்ட்காரருக்கு முதல் கல்யாணம் முறிந்து எட்டு வருஷமானாலும் கோர்ட்டில் கடைசிக் காகிதம் வர இன்னும் ஆறு மாதம் இருந்தது. இன்னொருத்தி புருஷன் என்று தம்பி சொன்னான். தங்கை ஊரிலிருந்து போன் செய்து அழுதாள். மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது, அவர் முன்னால் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பது என்று கேட்டாள்.

"உன் மாமியார் பேசறது நான் பண்ணிக் குடுத்த செட்டுல. அதைக் கழட்டி வச்சிட்டு என்னைப் பத்திப் பேசச் சொல்லு," என்றாள் பல்லக்கா.

அவளைத் தடுமாற வைத்தது தம்பி கடைசியாகக் கேட்ட ஒரு கேள்விதான். உனக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று கேட்டான். கேட்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது. உடனே அவளுக்குப் பதில் வரவில்லை. பெட்டி கட்டும்போதுதான் வந்தது. குறை ஒன்றும் வைக்கவில்லை. வேறு எதையும் வைக்கவும் இல்லை. இதைத் தம்பியிடம் சொல்லிப் புண்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

லிஃப்ட்காரர் வீடு தரைத்தளத்தில் இருந்தது. ஊரெல்லாம் லிஃப்ட்டை ஓடவைக்கிறவர் தன் வீட்டுக்கு லிஃப்ட் வேண்டாம் என்று வைத்திருந்தார். ஓர் அறை, ஒரு சமையலறை, ஒருவர் திரும்பினால் முழங்கை இடிக்கிற குளியலறை. கரண்டிகள் இருந்த இழுப்பறையிலேயே ஸ்பேனர்களும் கிடந்தன. பல்லக்கா முதல் நாளே இரண்டையும் பிரித்தாள். இரண்டாம் நாள் குக்கர் விசில் அடித்தபோது அவர் ஏதோ வெடிக்கப்போகிறது என்று கையில் ஸ்பேனரோடு ஓடிவந்தார். மூன்றாம் நாளிலிருந்து விசிலை எண்ணும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டாள். காலை வேளைகளில் அவர் வேலைக்குப் போனதும், பக்கத்து நூலகத்தில் புதிதாக வந்தவர்களுக்கு நடக்கிற இலவச மொழி வகுப்புக்குப் போனாள். தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எண்கள், கிழமைகள், உறவுமுறைகள், வீட்டுச் சாமான்கள் என்று கற்றாள். இலக்கணம் அவளுக்கு ஏறவில்லை. வார்த்தைகள் ஏறின. ஒருமுறை பார்த்த பல்லை மறக்காதவளுக்கு ஒருமுறை கேட்ட வார்த்தை மறக்குமா.

இதற்குள் விசா முடிய மூன்று வாரம்தான் பாக்கி. தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் விண்ணப்பம் பதினோரு பக்கம் இருந்தது. அழைத்தவர் கையெழுத்து வேண்டும் என்ற இடத்தில் தம்பி போட மறுத்துவிட்டதால், அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வேறொரு வழியில் போக வேண்டியிருந்தது. இந்த நாட்டுக்காரர் ஒருவரோடு ஒரே குடும்பமாக வாழ்கிறேன், அதனால் தங்க விடுங்கள் என்று கேட்கிற வழி. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையாகவே சேர்ந்து வாழவேண்டும், அதை அதிகாரி நம்பவேண்டும். நம்பினால் ஒரு வருஷம் கிடைக்கும். நம்பாவிட்டால் ஒரு வாரத்தில் கிளம்பவேண்டும், இரண்டு வருஷத்துக்குத் திரும்பி வரமுடியாது.

அப்படி ஆனால் நானும் உன்னோடு வந்துவிடுகிறேன் என்று லிஃப்ட்காரர் சொன்னார். பல்லக்கா சிரித்தாள். அவள் ஊரில் இவர்கள் இரண்டு பேருக்கும் வீடு வாடகைக்குக் கொடுக்கிற மகராசன் இன்னும் பிறக்கவில்லை. இவருக்கும் பென்ஷனுக்கு நாலு வருஷம் பாக்கி. இரண்டு வருஷம் பிரிந்தால் பிரிந்ததுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷத்தில் தம்பியும் தங்கையும் அழுது அழுதே அவளை மறுபடி பழைய அக்காவாக ஆக்கிவிடுவார்கள். அவளுக்கு அழுகையைப் பார்த்தால் தாங்காது. அது அவள் பலவீனம், அவளுக்கே தெரிந்த பலவீனம்.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இருவரும் நேரில் வரவேண்டும், தனித்தனியாக விசாரிப்பார்கள், அவளுக்கு மொழிபெயர்ப்பாளரை அலுவலகமே ஏற்பாடு செய்யும். விசா முடிய நாலு நாள் இருக்கும்போது அந்தத் தேதி விழுந்தது.

போன இடத்தில் வரிசையாக நாற்காலிகள், சீட்டு எண், ஒரு தண்ணீர் இயந்திரம். முதலில் லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையை ஒருமுறை கீழே இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார், முப்பது நிமிஷத்தில் வேறு கதவு வழியாக வெளியே அனுப்பப்பட்டார். அடுத்து இவள். அறையில் ஒரு மேசை, கணினி, சளி பிடித்த ஓர் இளம் பெண் அதிகாரி, மேசை ஓரத்தில் ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. பக்கவாட்டு நாற்காலியில் மொழிபெயர்ப்பாளர்.

பல்லக்காவுக்கு அவரைத் தெரியும். அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். தம்பி வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்டவர், அவள் சமையலை வாயாரப் புகழ்ந்தவர், அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அந்த ஊரில் அரசாங்கம் தமிழுக்கென்று வைத்திருந்த ஆள் அவர் ஒருவர்தானாம். அவருக்கும் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், பயப்படாதே தங்கச்சி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாகப் போயிருக்கும்.

எப்படிச் சந்தித்தீர்கள் என்று அதிகாரி கேட்டாள். பல்லக்கா லிஃப்ட்டையும் பீன்ஸையும் சொன்னாள். செயலாளர் சொன்னார், அதிகாரி தட்டச்சு செய்தாள், லேசாகச் சிரிக்கவும் செய்தாள். எப்போது அந்த வீட்டுக்குக் குடி வந்தீர்கள் என்று கேட்டாள். அதற்கும் பதில் போயிற்று. வீடு எப்படி, யார் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"ஒரே ரூம்தான். அவரும் நானும் அங்கதான் படுத்துக்கறோம்," என்றாள் பல்லக்கா. சொல்லும்போது காது சூடாயிற்று என்பது வாஸ்தவம். தமிழில் இதை அவள் அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். பிறகு பேசினார். அவள் சொன்னது சின்ன பதில், அவர் சொன்னது நீளமாகப் போயிற்று. பல்லக்கா காதைத் தீட்டிக்கொண்டாள். வகுப்பில் கற்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அறை. தனி. வாடகை. சமையல். மரியாதை. கடைசியில், முதல் நாள் முதல் பாடத்தில் படித்த வார்த்தை, சகோதரி.

அதிகாரியின் விரல் நின்றது. திரையில் ஏற்கெனவே எழுதியிருந்ததைக் கொஞ்சம் அழித்தாள். வேறு எதையோ அடித்தாள். நிமிர்ந்து பல்லக்காவைப் பார்த்த பார்வையில் முந்தைய சிரிப்பு இல்லை.

பல்லக்காவுக்குப் புரிந்துவிட்டது. இவர் காட்டிக்கொடுக்கவில்லை, மானத்தைக் காப்பாற்றுகிறார். நல்ல குடும்பத்துப் பெண் அன்னியர் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று பதறி, அவளைத் தனி அறையில் வாடகைக்குக் குடிவைத்து, சமைத்துப் போடவைத்து, அந்த மனிதரை அண்ணனாக்கிவிட்டார். சபையில் விலகின முந்தானையை இழுத்துவிடுகிற மாதிரி அவளுடைய வார்த்தையை இழுத்து மூடிவிட்டார். அண்ணனோடு வாடகைக்கு இருப்பவளுக்கு எதற்கு ஒரு வருஷ அனுமதி. அடுத்த வாரம் விமானம்.

"ஐயா, நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க," என்றாள்.

அவர் அதிகாரியைப் பார்த்து ஒரு புன்னகை புரிந்துவிட்டு, தமிழில் வேகமாகச் சொன்னார். "தங்கச்சி, இதெல்லாம் பதிவாகும். பேப்பர்ல ஏறிட்டா அழிக்க முடியாது. நாளைக்குத் தம்பி காதுக்குப் போனா என்ன ஆகும்? உன் மானத்துக்காகத்தான் நான் பக்குவமா சொன்னேன்."

"என் மானம் என்கிட்ட பத்திரமா இருக்கு. உங்ககிட்ட குடுத்து வைக்கல."

பல்லக்கா அதிகாரியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அந்த நாட்டு மொழியில், வேற்றுமையும் இல்லாமல் காலமும் இல்லாமல், தனித்தனி வார்த்தைகளாக எடுத்து வைத்தாள். அறை ஒன்று. கட்டில் ஒன்று. சுவர்ப் பக்கம் அவர். ஜன்னல் பக்கம் நான். வாடகை இல்லை. அண்ணன் இல்லை. பிறகு நெஞ்சில் கை வைத்து, என் மனிதர், என்றாள்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். செயலாளரிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல், ஆனால் நிறுத்தி நிறுத்தி ஏதோ கேட்டாள். அவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். பல்லக்கா சொன்னதை மட்டும் சொல்லவேண்டும் என்று அவரை எச்சரித்தாள் என்பதை ஊகிக்க வகுப்பு தேவைப்படவில்லை.

அப்புறம் கேள்விகள் சரமாரியாக வந்தன. அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார். கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள். அவருக்கு எந்தக் காதில் கேட்பது குறைவு. ஐந்தரைக்கு எழுவார், எழுந்ததும் வெறும் காலோடு போய்ச் சைக்கிள் நிறுத்தத்தை எட்டிப் பார்ப்பார். ஜன்னலைத் திறந்து வைப்பதா சாத்துவதா என்று சண்டை, முந்தாநாள், இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. வலது காது, மோட்டார் அறையில் முப்பது வருஷம் நின்றதால். பல்லக்கா தமிழில் சொல்லச் சொல்ல, செயலாளர் இப்போது ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மாற்றினால் இவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதிகாரி எழுந்து அடுத்த அறைக்குப் போனாள், லிஃப்ட்காரரை விசாரித்தவர் எழுதிவைத்ததோடு ஒத்துப்பார்க்க. பல்லக்காவும் செயலாளரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு கடிகாரம்கூட இல்லை. பல்லக்கா ஐந்தரை மணியை நினைத்தாள். ஒருவேளை அவர் ஆறு என்று சொல்லியிருந்தால். ஜன்னல் சண்டையைச் சொல்ல வெட்கப்பட்டு, எங்களுக்குள் சண்டையே வராது என்று அளந்துவிட்டிருந்தால். ஆண்பிள்ளைகள் அப்படிச் சொல்லக்கூடியவர்கள். இவ்வளவு வாயாடியும் வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்ட வேண்டியிருந்தால் அதைவிட அவமானம் வேறில்லை என்று நினைத்தாள். உடனே, இல்லை, அவமானம் இல்லை, துக்கம்தான் என்று திருத்திக்கொண்டாள். சொன்னதற்காக அவள் ஒருபோதும் வருத்தப்படப் போவதில்லை.

"கோவமா தங்கச்சி?" என்று கேட்டார் செயலாளர். "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. அவங்களுக்குன்னா எப்படிப் பண்ணுவேனோ அப்படித்தான் பண்ணேன்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க ஐயா," என்றாள் பல்லக்கா.

அவர் தன் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அதிகாரி திரும்பி வந்து தட்டச்சு செய்தாள். நீளமாகச் செய்தாள். அச்சு இயந்திரத்திலிருந்து மூன்று பக்கம் வந்தது. அந்த அலுவலகத்தின் விதி ஒன்று உண்டு. பதிவானது முழுவதையும் மொழிபெயர்ப்பாளர் வரி வரியாக அவரவர் மொழியில் உரக்கப் படித்துக் காட்டவேண்டும், கேட்டவர் சரி என்று ஒப்புக்கொண்டால்தான் கையெழுத்து. மூன்று பக்கத்தையும் செயலாளரின் கையில் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டினார். லிஃப்ட், பீன்ஸ் எல்லாம் கடகடவென்று போயிற்று. இரண்டாம் பக்கத்தில் குரல் தேய்ந்தது. "வீட்டில் ஓர் அறை உள்ளது. நாங்கள் இருவரும் ஒரே..." என்று வந்தவர் நின்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். பல்லக்கா காத்துக்கொண்டிருந்தாள். "ஒரே கட்டிலில் உறங்குகிறோம்," என்று படித்தார். "சரி," என்றாள். "அவர் எனக்கு அண்ணன் முறை அல்ல." "சரி." "நான் வாடகைக்கு இருப்பவள் அல்ல." "சரி." சங்கத்து மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவருக்கு அந்த அரைப் பக்கத்தில் நாலு தடவை தொண்டை வறண்டது. பல்லக்கா எழுந்துபோய் வெளியே இருந்த தண்ணீர் இயந்திரத்திலிருந்து அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துவந்து வைத்தாள்.

மூன்றாம் பக்கம் அதிகாரியின் முடிவு. செயலாளர் அதைப் படிக்குமுன் தனக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு, அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கிப் படித்தார்.

"இவர்கள் இருவரும் உண்மையாகவே ஒரே குடும்பமாக வாழ்கிறார்கள் என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. இவருடைய தங்கும் காலம் இன்றிலிருந்து ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது."

ஏற்றுக்கொள்ளப்படுகிறது. சளி பிடித்த, பெயர் தெரியாத ஓர் அரசாங்கப் பெண் எழுதியது. ஆனால் காதில் விழுந்தது தமிழில், தம்பி வீட்டில் சாப்பிட்டுப் போன ஒரு மனிதர் வாயிலிருந்து. தம்பி சொல்லவில்லை, தங்கை சொல்லவில்லை, ஊரில் ஒருத்தர் சொல்லவில்லை. அவள் பேசுகிற மொழியில் அவளையும் அவரையும் ஒரு குடும்பம் என்று சொன்ன முதல் குரல் இதுதான். அழக்கூடாது என்று பல்லக்கா பல்லைக் கடித்தாள், அப்படியும் கண் நிரம்பிவிட்டது.

"கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க ஐயா."

"காது கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுது. இன்னொரு தடவை படிங்க."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு படித்தார். இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை. பல்லக்கா பேனாவை வாங்கி, மூன்று பக்கத்திலும் தமிழில் முழுக் கையெழுத்துப் போட்டாள், காகிதத்தை அதிகாரியிடம் நகர்த்தி, அந்த நாட்டு மொழியில் நன்றி சொன்னாள். செயலாளரும் எழுந்துகொண்டார். கதவுக்கு அந்தப் பக்கம் லிஃப்ட்காரர் சட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டபடி நின்றுகொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

"ஐயா, நீங்க வெளிய போனதும் தம்பிக்குப் போன் பண்ணுவீங்க. எனக்குத் தெரியும்," என்றாள் பல்லக்கா. "பண்ணுங்க. ஆனா படிச்சீங்கள்ல, அதே மாதிரி சொல்லுங்க. கட்டிலையும் விட்டுடாதீங்க, குடும்பத்தையும் விட்டுடாதீங்க."